போச்சியா என்னும் பந்தாட்டம்



ஆண்டின் முதலாந் தவணையில் நம் பாடசாலைகள் யாவற்றிலும் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். திடலிலே வெண்சுண்ணக் கோடுகள் இழுக்கப்படும். இல்லங்கள் தோரணங்களால் அலங்கரிக்கப்படும். மாணவர் அணிநடையிற் செல்ல, பெற்றோர் பந்தலின் கீழிருந்து தத்தம் பிள்ளைகளைத் தேடிக் கண்டு மகிழ்வர். ஓடுவோரும் பாய்வோரும் எறிவோரும் நிறைந்த அந்நாளிலே, ஓடவும் பாயவும் எறியவும் இயலாத பிள்ளை எங்கே இருக்கின்றது என்று நாம் கேட்பது அரிது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் அதிபராகக் கடமையாற்றிய பாடசாலையொன்றிலே ஒரு மாணவன் இருந்தான். பிறவியிலேயே பெருமூளைவாதத்துக்கு ஆட்பட்டவன். மூளையிலிருந்து தசைகளுக்குச் செல்லும் ஏவல் ஒழுங்காகச் சென்று சேராமையால் அவனுடைய கைகால்கள் அவன் வயப்பட்டு நில்லா. பேச்சும் மெதுவாகவே வரும். அறிவிலோ அவன் எவர்க்கும் குறைந்தவனல்லன். கணிதத்தில் வகுப்பின் முன்னணியில் நின்றவன். விளையாட்டுப் போட்டியன்று அவனுடைய சக்கர நாற்காலியை நேரக் கணிப்பாளரின் மேசைக்கருகில் நிறுத்தினோம். மாலையிற் பரிசளிப்பு நிகழ்ந்தபோது அவனுக்கும் ஒரு கிண்ணம் வழங்கினோம். சபையோர் எழுந்து நின்று கைதட்டினர். நல்லதொரு காரியம் செய்தோம் என்ற நிறைவுடன் நான் வீடு சென்றேன்.

மறுநாட் காலையில் அவன் என் அறைக்கு வந்தான். கிண்ணம் அவன் மடியிலே இருந்தது. "சேர், நேற்று நான் எந்தப் போட்டியிலே வென்றேன்?" என்று கேட்டான். கேள்வியிலே கோபம் இல்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்வி அது. முப்பது ஆண்டுகளாக மாணவரின் வினாக்களுக்கு விடையளித்து வந்த எனக்கு அன்று விடை கிடைக்கவில்லை.

அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியிலேதான் இன்று உங்களுக்கு அறிமுகஞ் செய்யவிருக்கும் ஆட்டம் என் அறிவுக்கு எட்டியது. அதன் பெயர் போச்சியா. இத்தாலிய மொழியிலே பந்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. குறிபார்த்துப் பந்தை உருட்டும் விளையாட்டுகள் மேலை நாடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருவன. நம் ஊர்ச் சிறுவர் மணலிலே குந்தியிருந்து போளை அடிக்கும்போது, எதிரியின் போளையை விலக்கித் தன் போளையைக் குறிக்கு அண்மையில் நிறுத்த எத்துணை பாடுபடுகின்றனர்! அந்த நுட்பமே போச்சியாவின் உயிராகும். அதனை விளங்கிக்கொள்ள நமக்கு நெடுநேரம் வேண்டுவதில்லை.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டெவில் மருத்துவமனையிலே, 1948ஆம் ஆண்டில், வைத்தியர் லூட்விக் குட்மன் முள்ளந்தண்டிற் காயமுற்றோருக்கென ஒரு விளையாட்டுப் போட்டியைத் தொடங்கினார். அது வளர்ந்து 1960இல் உரோம் நகரிலே பல நாட்டவர் பங்குகொண்ட பெருவிழாவாயிற்று. அதுவே இன்று நாம் பராலிம்பிக் என்று வழங்கும் விழாவின் தொடக்கம். ஆயினும் பெருமூளைவாதம் உடையோர்க்கு அவ்விழாவின் வாயில் உடனே திறக்கவில்லை. 1980இல் ஒல்லாந்தின் ஆர்னம் நகரிலே நிகழ்ந்த விழாவிலேதான் அவர்கள் முதன்முதலாக இடம்பெற்றனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1984இல், போச்சியா பராலிம்பிக் விழாவிற் சேர்க்கப்பட்டது. அன்றுதொட்டு இன்றுவரை அது நீங்காத இடம் பெற்றுள்ளது. 2013ஆம் ஆண்டிலே இவ்வாட்டத்துக்கெனத் தனியானதொரு சர்வதேசச் சம்மேளனமும் தோன்றியது.

பராலிம்பிக் விளையாட்டுகளுட் பெரும்பாலானவை ஒலிம்பிக்கில் ஆடப்படுவனவற்றைச் சிறிது மாற்றியமைத்தவையே. ஒலிம்பிக்கில் இணையில்லாதவை இரண்டு. பார்வையற்றோர் ஆடும் கோல்போல் ஒன்று, போச்சியா மற்றொன்று. பிறருடைய ஆட்டத்தை வெட்டிக் குறைத்துத் தந்ததன்று இது. கடுமையான உடற்குறை உடையோரை மனத்திற் கொண்டே அமைக்கப்பெற்றது. இதனை நீங்கள் முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி ஆடுகளத்தைப் பார்ப்போம். மட்டமான, வழுவழுப்பான தரையிலே, 12.5 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு நீள்சதுரம் வரையப்படும். அஃதாவது ஏறக்குறைய 41 அடி நீளமும் 20 அடி அகலமும் ஆகும். நம் பாடசாலை மண்டபங்கள் பலவற்றுள் இஃது அடங்கும். ஒரு முனையிலே, ஒரு மீற்றர் அகலமும் இரண்டரை மீற்றர் நீளமும் கொண்ட ஆறு கட்டங்கள் இருக்கும். ஆடுவோர் தம் சக்கர நாற்காலியுடன் அக்கட்டங்களுள்ளே இருந்துகொண்டே பந்தை விடுத்தல் வேண்டும். அவற்றுக்கு அப்பால் உள்ள பத்து மீற்றர்ப் பரப்பே பந்து உருளும் களம்.

பந்துகள் பதின்மூன்று. சிவப்பு ஆறு, நீலம் ஆறு, வெள்ளை ஒன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 275 கிராம் நிறையும் 27 சென்ரிமீற்றர் சுற்றளவும் உடையது. ஒரு தோடம்பழத்திலும் சிறிது பெரியது எனலாம். தோலால் அல்லது தோல் போன்ற பொருளால் தைக்கப்பட்டு, உள்ளே மணிகள் நிரப்பப்பட்டிருக்கும். ஆதலால் அது துள்ளி ஓடாது. விழுந்த இடத்தைச் சார்ந்தே உருண்டு நிற்கும். மென்மையான பந்து விரைவில் நின்றுவிடும். வன்மையானது மற்றவற்றை மோதித் தள்ளும். எந்த நேரத்தில் எதனைக் கையாள்வது என்பதிலேயே ஆடுவோரின் சாதுரியம் வெளிப்படும்.

ஆட்டம் இவ்வாறு தொடங்குகின்றது. சிவப்புப் பக்கத்தார் முதலில் வெண்பந்தைக் களத்தினுள்ளே விடுப்பர். அதுவே இலக்கு. அவர்களே தம் முதற் சிவப்புப் பந்தையும் அதனை நோக்கி விடுப்பர். அடுத்து நீலப் பக்கத்தார் ஒரு பந்து விடுப்பர். அதன்பின் முறை மாறி மாறி வருவதில்லை. வெண்பந்துக்கு எவருடைய பந்து தொலைவில் உள்ளதோ அவரே மீண்டும் ஆடல் வேண்டும். தாம் அண்மையில் வரும்வரை, அல்லது தம் பந்துகள் தீரும்வரை, அவர் ஆடிக்கொண்டே இருப்பர். பன்னிரண்டு பந்துகளும் விடுக்கப்பட்டதும் நடுவர் அளந்து பார்ப்பார். வெண்பந்துக்கு மிக அண்மையில் உள்ள பந்து எவருடையதோ அவரே அச்சுற்றில் வென்றவர். எதிரியின் மிக அண்மைய பந்தைக் காட்டிலும் நெருக்கமாக உள்ள தம் பந்து ஒவ்வொன்றுக்கும் அவர் ஒவ்வொரு புள்ளி பெறுவர்.

ஒருவருக்கு ஒருவர் ஆடுவதும், இருவருக்கு இருவர் ஆடுவதும் நான்கு சுற்றுகள் கொண்டவை. மூவர் சேர்ந்து ஆடும் குழு ஆட்டம் ஆறு சுற்றுகள் கொண்டது. தனியாள் தாமே ஆறு பந்துகளையும் விடுப்பர். இருவராயின் ஆளுக்கு மூன்று, மூவராயின் ஆளுக்கு இரண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் கால எல்லையும் உண்டு. புள்ளிகள் சமமாயின் மேலும் ஒரு சுற்று ஆடித் தீர்வு காண்பர்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வாட்டம் ஆடுவதற்கு எளிதன்று. வெண்பந்தும் மோதுண்டு இடம்பெயரும் என்பதை மறவாதீர்கள். எதிரி தன் பந்துகளை அதனருகே அடுக்கி வைத்திருக்கும்போது, ஒருவர் வெண்பந்தையே மெல்லத் தட்டித் தன் பந்துகள் இருக்கும் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். அப்போது வென்றவர் தோற்றவராகவும் தோற்றவர் வென்றவராகவும் ஒரு நொடியில் மாறுவர். வேறொருவர் தன் பந்தைச் சுவர்போல நிறுத்தி வழியை அடைப்பார். ஐந்தாறு அடிகளை முன்னரே எண்ணி ஆடுவதால் இதனைச் சதுரங்கத்துக்கு ஒப்பிடுவோரும் உளர். உடல் வலிமைக்கு இங்கே வேலை குறைவு. கண்ணுக்கும் கருத்துக்கும் பொறுமைக்கும் வேலை மிகுதி.

ஆடுவோர் நான்கு வகுப்பினராகப் பிரிக்கப்படுவர். பி.சி.1 என்னும் வகுப்பினர் பெருமூளைவாதத்தாற் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர். கையாலோ காலாலோ பந்தை விடுப்பர். பந்தை எடுத்துத் தருதல் போன்றவற்றுக்கு ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ளலாம். பி.சி.2 வகுப்பினர் உடற்பகுதியை ஓரளவு நன்றாக அடக்கியாள வல்லவர். அவர்க்கு உதவியாளர் இல்லை. பி.சி.4 வகுப்பினர் தசைநலிவு நோய், முள்ளந்தண்டுக் காயம் முதலிய வேறு காரணங்களால் கைகால் வலுவிழந்தோர். இடையிலே நான் கூறாது விட்ட பி.சி.3 வகுப்பைப்பற்றி உங்களுக்குச் சிறிது விரிவாகச் சொல்லல் வேண்டும்.

பந்தைப் பற்றவோ எறியவோ சிறிதும் இயலாதவர்கள் இவ்வகுப்பினர். அவர்களுக்கெனச் சரிவுத்தடம் ஒன்று பயன்படுத்தப்படுகின்றது. சிறுவர் பூங்காவிற் காணும் சறுக்குமரத்தைச் சிறிதாக்கிச் செய்தது போன்றது அது. மேலிருந்து விடப்படும் பந்து அதன் வழியே உருண்டு களத்தினுட் செல்லும். எந்த உயரத்திலிருந்து விடுவது, எந்தத் திசைக்குத் தடத்தைத் திருப்புவது என்பவற்றை ஆடுபவர் கணித்துக் கூறுவர். அவ்வாறே தடத்தை அசைத்து வைப்பதற்கு அருகில் ஒரு துணைவர் இருப்பர். பந்தை இறுதியாகத் தொட்டு விடுப்பவர் ஆடுபவரே ஆதல் வேண்டும். கை உதவாவிடின், தலையிற் கட்டிய கோலினாலோ வாயிற் கவ்விய கோலினாலோ அதனைத் தள்ளுவர். குறிபார்க்கும் இயந்திரக் கருவி எதுவும் தடத்திற் பொருத்தப்படலாகாது. அது மாத்திரமன்று, ஒருமுறை பந்து விட்டபின், தடத்தை இருபுறமும் அசைத்துப் பழைய குறியைக் கலைத்துவிடல் வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் புதிதாகவே குறிபார்க்க வேண்டும் என்பது விதி.

இவற்றிலும் மேலான விதி ஒன்று உண்டு. அத்துணைவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியே இருத்தல் வேண்டும். ஆட்டம் நிகழும்போது அவர் திரும்பிக் களத்தைப் பார்த்தலாகாது. ஆடுபவருக்கு யோசனை கூறலாகாது. "சிறிது இடப்புறம்" என்றால் இடப்புறம் அசைப்பர். "இன்னும் உயரத்தில்" என்றால் பந்தை உயர்த்தி வைப்பர். பந்து எங்கே சென்றது, நன்றாகச் சென்றதா, தவறிற்றா என்பதை அவர் அறியார். ஆடுபவரின் முகத்தைப் பார்த்து அறிந்தால் உண்டு.

நேயர்களே, இவ்விதியை முதன்முதலிற் கேட்டபோது நான் நெடுநேரம் சிந்தித்தேன். நாம் இயலாதவர்க்கு உதவும்போது என்ன செய்கின்றோம்? தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னரே கொண்டுவந்து கொடுக்கின்றோம். அவர் பேசத் தொடங்கிய வாக்கியத்தை நாமே முடித்துவிடுகின்றோம். அவரிடம் கேட்க வேண்டியதை அவரைத் தள்ளி வருபவரிடம் கேட்கின்றோம். இவை யாவும் அன்பினாற் செய்வனவே, ஐயமில்லை. ஆயினும் அவ்வன்பு அவருக்குரிய தீர்மானத்தையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுகின்றது. போச்சியாவை வகுத்தோர் உதவியை மறுக்கவில்லை. கையை மாத்திரம் உதவியாகக் கொடு, கண்ணையும் கருத்தையும் அவரிடமே விட்டுவிடு என்று அதற்கு ஓர் எல்லை வகுத்தார்கள். கல்வி நூல்கள் பல கற்றும் நான் தெளியாத ஒன்றை இந்த ஒரு விதி எனக்குத் தெளிவாக்கியது.

இவ்வாட்டத்திலே உலகப் புகழ் பெற்றோர் பலர் உளர். தென்கொரிய நாட்டவர் 1988ஆம் ஆண்டின் சியோல் விழா முதல் 2024ஆம் ஆண்டின் பாரிஸ் விழா வரை, ஒன்றுந் தவறாது பத்துப் பராலிம்பிக் விழாக்களிலும் போச்சியாவிலே தங்கப் பதக்கம் வென்றுள்ளனர். அந்நாட்டவரான ஜோங் ஹோ-வொன், சரிவுத்தடம் கொண்டு ஆடும் வகுப்பினர். இவர் 2016இலும் 2024இலும் தனியாள் ஆட்டத்தில் முதலிடம் பெற்றவர். பிரேசில் நாட்டவரான டிர்சேயு பின்ரோ 2008இலும் 2012இலும் தனியாள் ஆட்டத்திலும் இருவர் ஆட்டத்திலும் தங்கம் வென்றார். நெடுங்காலம் ஆடவரும் மகளிரும் ஒரே களத்தில் எதிர்த்து நின்று ஆடிய விளையாட்டு இது. பாரிஸ் விழாவிலே தனியாள் போட்டிகள் ஆடவர்க்கும் மகளிர்க்கும் வெவ்வேறாக நடத்தப்பட்டன. இருவரும் மூவரும் சேர்ந்து ஆடும் போட்டிகளிலே இருபாலாரும் ஒன்றாகவே ஆடுகின்றனர்.

நம் இலங்கையும் பராலிம்பிக் புகழ் அறியாத நாடன்று. 2021இல் டோக்கியோ நகரிலே தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டி எறிதலில் உலக சாதனையுடன் தங்கம் வென்றதை நாம் அனைவரும் கொண்டாடினோம். அது முறையே. ஆயினும் ஈட்டியைப் பற்றும் கை வாய்க்கப்பெறாத பிள்ளைகளும் நம்மிடையே உளர். வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் நம் நாட்டில் 1996ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. பாடசாலையிலும் பிற இடங்களிலும் ஏனைய பிள்ளைகளுடன் சமமாக விளையாடும் உரிமை இப்பிள்ளைகளுக்கு உண்டு என்று அவ்வுடன்படிக்கையின் 30ஆம் உறுப்புரை கூறுகின்றது. சட்டம் ஏட்டில் இருக்கின்றது. அதனை மண்டபத் தரைக்குக் கொண்டுவருவது ஆசிரியர்களாகிய நமது கடமை.

அதற்குப் பெரும் பொருள் வேண்டும் என்று எண்ணாதீர்கள். சர்வதேசப் போட்டிக்குரிய பந்துகள் விலை மிகுந்தவை, உண்மையே. பழகுவதற்கு அவை வேண்டியதில்லை. பழைய காலுறைகளிலே பயறு நிரப்பி இறுகத் தைத்தால் துள்ளாத பந்து கிடைக்கும். சிவப்பும் நீலமுமாகத் துணி சுற்றினால் நிறமும் கிடைக்கும். வீடுகளில் நீர் செல்லப் பதிக்கும் பருமனான பிளாஸ்ரிக் குழாயை நெடுக்காகப் பிளந்து மரச்சட்டத்திற் பொருத்தினால் அதுவே சரிவுத்தடம். களத்தைச் சுண்ணக்கட்டியால் வரையலாம். சக்கர நாற்காலி இல்லாத மாணவர் சாதாரண நாற்காலியில் அமர்ந்து ஆடலாம். ஆம், ஓடித் திரியும் மாணவரும் அமர்ந்தே ஆடல் வேண்டும். அவ்வாறு ஆடிப் பார்த்தால் அன்றி, பந்தை அந்த வெண்பந்தின் அருகே நிறுத்துவது எத்துணை அரிது என்பது அவர்களுக்கு விளங்காது.

எங்கள் பாடசாலையில் நாங்கள் செய்ததும் இதுவே. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் தடத்தைச் செய்து தந்தார். தையல் ஆசிரியை பந்துகளைத் தைத்துத் தந்தார். அம்மாணவனின் தாயார் தாமே துணைவராக இருப்பதாக முன்வந்தார். முதல் வாரம் அவரால் விதியைக் காக்க முடியவில்லை. பந்து உருளும் ஓசை கேட்டதும் திரும்பிவிடுவார். பத்து ஆண்டுகளாக அப்பிள்ளையை விட்டுக் கண்ணெடுக்காத தாயல்லவா! "அம்மா, பார்க்கக் கூடாது" என்று மகன் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். மூன்றாம் வாரத்திலேதான் அவர் கண்களை மூடிக்கொண்டு அமரப் பழகினார்.

அடுத்த ஆண்டின் இல்ல விளையாட்டுப் போட்டியில் போச்சியாவும் ஒரு நிகழ்ச்சியாயிற்று. இறுதிச் சுற்றிலே அவனிடம் ஒரு பந்து எஞ்சியிருந்தது. எதிரே ஆடியவள் மற்றை இல்லத்துச் சிறுமி, நன்றாக ஓடக்கூடியவள். அவன் பந்தை மெல்ல உருட்டி வெண்பந்தின் அருகே நிறுத்தியிருந்தால் ஆட்டம் சமநிலையடைந்திருக்கும். பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் யாவரும் அதனையே எதிர்பார்த்தோம். அவனோ தடத்தை உயர்த்தச் சொன்னான். மோதி வெண்பந்தையே நகர்த்த எண்ணினான் போலும். பந்து வேகமாகச் சென்று, ஒரு விரலிடை தவறி, களத்தைக் கடந்து போயிற்று. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவன் தோற்றான்.

அன்றிரவு தாயார் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளை சாப்பிடவில்லை என்றும், சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றான் என்றும் கூறி வருந்தினார். நானும் வருந்தினேன். நாம் தவறு செய்துவிட்டோமோ என்றும் எண்ணினேன். அவனுக்கு வழங்கிய கிண்ணங்கள் பலவற்றுள் எதுவும் அவனை ஓரிரவு உறங்காமற் செய்ததில்லை என்பது பின்னரே எனக்குத் தோன்றியது. அவன் தோற்பதற்கு அதுவரையில் எவரும் இடங்கொடுத்ததில்லை.

மறுநாட் காலையில் அவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். இம்முறை மடியிலே கிண்ணம் இல்லை. "சேர், மண்டபத் திறப்பைத் தருவீர்களா? உயரத்தை நான் பிழையாகக் கணக்கிட்டுவிட்டேன்" என்றான்.

திறப்பைக் கொடுத்தேன். அவன் முந்திய ஆண்டு கேட்ட வினா அன்றுதான் என் நெஞ்சை விட்டு அகன்றது.

நேயர்களே, உங்கள் ஊர்ப் பாடசாலையிலும், உங்கள் உறவினர் வீட்டிலும், வாயிலோரத்திலே அமர்ந்து பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று இருத்தல் கூடும். அப்பிள்ளையின் மடியிலே பரிசை வைக்க விரையாதீர்கள். ஒரு பந்தை வையுங்கள். வேண்டிய உதவியைச் செய்யுங்கள். பின்பு, போச்சியாவின் துணைவரைப்போல, சற்றே முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். குறிபார்ப்பது அப்பிள்ளையின் வேலை.